ஓநாயா, நாயா, கலப்பா? தக்காணப் புல்வெளியில் பார்த்ததைச் சரியாகப் பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

புனேயிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் இப்போது சனி, ஞாயிறு வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு புல்வெளிப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே எடுத்த படம் வாட்ஸப் குழுவில் விழுந்ததும் மூன்று விதமான பதில் வரும். ஒருவர் ஓநாய் என்பார், இன்னொருவர் வெறும் தெருநாய் என்பார். மூன்றாமவர் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்போல "இது கலப்பு" என்று முடித்துவிடுவார். அந்த மூன்றாவது பதில் சமீப காலத்தில் ரொம்பவே மலிவாகிவிட்டது.

அது மலிவானதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. 2023இல் 'எக்காலஜி அண்ட் எவல்யூஷன்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. புனேயின் கிராஸ்லேண்ட்ஸ் டிரஸ்ட் அமைப்பைச் சேர்ந்த இயற்கை ஆர்வலர்கள் தங்கள் பகுதி ஓநாய்களைத் தொடர்ந்து கவனித்து வருபவர்கள். நிறமும் தோற்றமும் ஒட்டாத விலங்குகள் அவர்கள் கண்ணில் பட்டன. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் ஏட்ரீ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து மரபணுவைப் படித்தபோது அவற்றில் நாயின் பங்கு இருப்பது உறுதியானது. இந்தியாவில் ஓநாய்-நாய் கலப்பு மரபணு வழியாக நிரூபணமானது அதுவே முதல் முறை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், முதலில் சந்தேகப்பட்டது ஆய்வகம் அல்ல, களத்தில் நடந்தவர்கள் என்பது. அவர்கள் படத்தைப் போட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகவில்லை. இடம், தேதி, கூட்டம், நிறம் என்று குறித்து வைத்திருந்தார்கள். நீங்களும் அதைச் செய்யலாம். கலப்பா இல்லையா என்று முடிவு சொல்வது உங்கள் வேலை இல்லை; முடிவு சொல்லக்கூடியவருக்குப் பயன்படும்படி பதிவு செய்வதுதான் உங்கள் வேலை.

படி 1: ஏன் இவ்வளவு கவலை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் ஓநாய்கள் சுமார் 3,000 என்பது இப்போதைய மதிப்பீடு. புலியை விடக் குறைவு. நாய்களோ 6 கோடி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஒரு ஓநாய்க்கு இருபதாயிரம் நாய் என்று கணக்கு வருகிறது.

தீபகற்பத்து ஓநாய் வேறு நாட்டு ஓநாய்களின் சின்ன உருவம் மட்டும் அல்ல. உலகில் இன்று உயிரோடு இருக்கும் சாம்பல் ஓநாய் மரபுகளில் மிகப் பழையவற்றில் இது ஒன்று என்று 2021இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. வெயிலையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் சமாளித்து, ஆட்டு மந்தைக்கும் ஊருக்கும் நடுவே வாழப் பழகிய மரபு. அதில் நாயின் மரபணு கலந்து பரவினால் திரும்பப் பிரித்து எடுக்க வழியில்லை.

கலப்பு எப்படி நடக்கிறது? தன் இனத் துணை கிடைத்தால் ஓநாய் நாயை நாடுவது அபூர்வம். பார்த்தால் அடிக்கும், சில சமயம் கொன்று தின்னும். கூட்டம் சிதறும்போதுதான் ஆபத்து. ஜோடியில் ஆண் வண்டியில் அடிபட்டோ விஷம் தின்றோ செத்துப்போகிறது. தனியாக நிற்கும் பெண் ஓநாய் பருவத்துக்கு வருகிறது, சுற்றிலும் ஆண் நாய்கள் மட்டுமே இருக்கின்றன. பிறக்கும் குட்டிகளைத் தாய் ஓநாயாகவே வளர்க்கிறது. அவை ஓநாய்க் கூட்டத்தோடு வளர்ந்து, மறுபடி ஓநாயோடு இணை சேர்ந்து, நாயின் மரபணுவை உள்ளே கொண்டுபோகின்றன. கலப்புக் குட்டிகள் மலடு கிடையாது. பெண் நாய்க்கு ஆண் ஓநாய் மூலம் பிறந்தால் குட்டிகள் நாய்க் கூட்டத்திலேயே தங்கிவிடும். ஓநாய் இனத்துக்கு அதனால் பாதிப்பு குறைவு.

படி 2: எங்கே, எப்போது பார்ப்பது

அடர்ந்த காட்டில் தேடாதீர்கள். புல்வெளி, முட்புதர், மேய்ச்சல் தரை, அறுவடை முடிந்த வயல், இவைதான் இதன் வீடு. அரசு ஏடுகளில் இந்த நிலத்தில் பெரும்பகுதிக்குத் 'தரிசு' என்று பெயர். அதனால்தான் சாலை, தொழிற்பேட்டை, சூரிய மின்பண்ணை என்று எது வந்தாலும் முதலில் இங்கே வருகிறது.

புனே மாவட்டத்தில் சாஸ்வட், ஜேஜூரி, பாராமதி, இந்தாப்பூர் பகுதிகள் பெயர் பெற்றவை. இந்தாப்பூர் தாலுகாவின் கட்பன்வாடியில் வனத்துறையே புல்வெளி சஃபாரி நடத்துகிறது. முதல் முறை போகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது. சோலாப்பூர் அருகே கானமயில் சரணாலயமான நன்னஜ் இருக்கிறது. கர்நாடகத்தில் கொப்பள் மாவட்டத்துப் பங்காபூர் 2025இல் ஓநாய்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேல்கோட்டையில் செல்லப்பிள்ளையைச் சேவித்துவிட்டுத் திரும்பும் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு, அந்தக் குன்றுகளைச் சுற்றி 1974இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் ஓநாய்களை மனதில் வைத்து வந்தது என்பது தெரியாது.

விடியற்காலையும் சூரியன் இறங்கும் நேரமும்தான் பொழுது. தங்கர் சமூகத்து மேய்ப்பர்களின் ஆட்டுக்கிடை எங்கே இருக்கிறதோ அங்கே ஓநாயும் அருகில் இருக்கும். பெரியவர் ஒருவரிடம் "காகா, லாண்ட்கா திஸ்லா கா?" (பெரியவரே, ஓநாய் கண்ணில் பட்டதா?) என்று மராத்தியில் கேளுங்கள். எந்த மேட்டில், எத்தனை மணிக்கு, எத்தனை உருப்படி என்பதுவரை சொல்வார். அவர் சொல்லும் தகவலின் துல்லியத்தை எந்தப் பறவை, விலங்குச் செயலியும் எட்ட முடியாது. ஆடு பறிகொடுத்துக்கொண்டே ஓநாயோடு வாழ்கிறவர் அவர் என்பதை மறந்துவிட்டு, படம் கிடைத்த சந்தோஷத்தை அவர் முன்னால் காட்டிக் குதிக்க வேண்டாம்.

படி 3: முதலில் ஓநாய்தானா என்று பாருங்கள்

கலப்பைப் பற்றி யோசிக்கும் முன் இந்த வடிகட்டல் தேவை. தமிழ்நாட்டில் 'ஓநாய்' என்று சுற்றும் காணொளிகளில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை நரிகள்தான்.

நரி பத்து கிலோவை ஒட்டிய விலங்கு. கால் குட்டை, முகம் கூர்மை, நடையில் ஒரு துள்ளல். இந்திய ஓநாய் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ. நல்ல நாட்டு நாய் அளவுதான், ஆனால் கால்கள் நீளம். செந்நாய் செங்கல் நிறம், வால் கறுத்துப் புசுபுசுவென்று இருக்கும், காட்டை விட்டு இப்படி வெட்டவெளிக்கு வருவது குறைவு. கழுதைப்புலியின் முதுகு பின்பக்கம் சரிந்திருக்கும், உடம்பில் வரிகள், பிடரியில் மயிர். பூனையைவிடச் சற்றே பெரிய ஒரு நரி இனமும் புல்வெளியில் உண்டு. அதைத் தூரத்து லென்ஸில் பெரிதாக்கி ஓநாய் என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நாயிலிருந்து ஓநாயைப் பிரிப்பதுதான் கஷ்டம். உருவத்தைவிட நடையைக் கவனியுங்கள். ஓநாய் ஒரு மேட்டைக் கடக்கும்போது தலை முதுகுக்கோட்டின் மட்டத்திலேயே இருக்கும், கழுத்து நிமிராது. முன்னங்கால் பதிந்த தடத்திலேயே பின்னங்காலும் விழும். ஈர மண்ணில் தடம் ஒரே கோடாகப் போகும். நாய் அங்கே மோந்து, இங்கே திரும்பி, வளைந்து வளைந்து போகும். ஓநாயின் மார்பு ஒடுக்கம், முழங்கைகள் உள்ளடங்கி இருக்கும். வால் தொங்கும், நுனி கறுப்பு. கண் மஞ்சள் அல்லது வெளிர் பழுப்பு. முதுகு மயிரின் நுனி கறுப்பாக இருப்பதால் சாம்பலும் மண்ணும் தூவியதுபோல் தெரியும். கன்னமும் காலின் உட்புறமும் வெளிறியிருக்கும்.

ஒரே ஒரு காலடித் தடத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பெரிய நாயின் தடமும் ஓநாயின் தடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்.

படி 4: பார்த்த நொடியில்

வண்டியில் இருந்தால் இறங்காதீர்கள். நடந்து போகும்போது எதிர்ப்பட்டால் நின்றுவிடுங்கள். ஓடவும் வேண்டாம், நெருங்கவும் வேண்டாம். பெரும்பாலும் அது உங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடும். கூட வந்த நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, நாயையே கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குட்டி போடும் காலம்; பிறகும் சில வாரம் குட்டிகள் வளையிலேயே இருக்கும். ஓடைக்கரை, பாறை இடுக்கு, மண்மேடு இவற்றில் பொந்தும், வெளியே சிதறிய எலும்பும் கண்டால் அப்படியே பின்வாங்குங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாற்றும். வழியில் நாய்க் கூட்டம் மாட்டினால் குட்டிகள் போய்விடும். டிரோன் பறக்கவிடவே கூடாது. வளைக்கு முன்னால் கேமராக்காரர்கள் வரிசை கட்டி நிற்பதைப் போலக் கோபம் வருவது எனக்கு வேறு எதிலும் இல்லை.

படி 5: பதிவு

அழகான ஒரு படத்தைவிட, சுமாரான பத்துப் படங்கள் உதவும். இரண்டு பக்கவாட்டும், முகமும், பின்பக்கமும் வேண்டும். வால், பாதம், பின்னங்காலின் உட்புறம் தெரியும்படி முயலுங்கள். நடை தெரிய அரை நிமிடக் காணொளி எடுங்கள். கூட்டமாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே படத்தில் ஒரு தடவையாவது பிடியுங்கள், ஏனென்றால் கலப்பு விலங்கு யாரோடு திரிகிறது என்பது அதன் நிறத்தைவிட முக்கியம். நிறத்தைச் செயலியில் தீட்டாதீர்கள். மாலை வெயிலில் சாம்பல் ஓநாயே பொன்னிறமாகத் தெரியும். அதற்கு மேல் வடிகட்டியும் போட்டால் ஆராய்ச்சியாளருக்கு அந்தப் படம் குப்பைதான்.

பிறகு அங்கேயே, மறப்பதற்கு முன், எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு குறிப்பு:

"காலை 6.50. ஏரிக்கரைக்கு மேற்கே மேய்ச்சல் மேடு, ஜிபிஎஸ் தனியாக இணைத்திருக்கிறேன். 3 விலங்குகள். 2 வழக்கமான சாம்பல். 1 முழுக்கத் தேன்நிறம், மார்பில் உள்ளங்கை அளவு வெள்ளை, வால் பாதி உயரத்தில். மூன்றும் ஒன்றாக நடந்தன, ஒன்றை ஒன்று விரட்டவில்லை. தூரம் சுமார் 150 மீட்டர். 400 மீட்டருக்குள் ஆட்டுக்கிடை, கிடையில் 2 நாய்கள். சொறி எதுவும் தெரியவில்லை. 4 நிமிடம் பார்த்தேன்."

இந்தக் குறிப்பில் "கலப்பு" என்ற வார்த்தையே இல்லை பாருங்கள். பார்த்ததை மட்டும் எழுதினால் போதும்.

எச்சம், முடி கிடந்தால் எடுக்காதீர்கள். ஓநாய் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. மாதிரி சேகரிக்க அனுமதி தேவை. இடத்தைப் படம் எடுத்துச் சொன்னால், அனுமதி உள்ளவர்கள் போய் எடுப்பார்கள். நாள்பட்ட எச்சத்தில் மரபணு சிதைந்துவிடும் என்பதால் தகவலை அன்றைக்கே சொல்லுங்கள்.

படி 6: எப்போது சந்தேகப்படலாம்

உடம்பெல்லாம் ஒரே மஞ்சள் அல்லது தேன்நிறம். மார்பிலோ பாதத்திலோ வால் நுனியிலோ வெள்ளைத் திட்டு. மடிந்த காது. மேலே சுருண்ட வால். வெளிறிய நகம். பின்னங்காலின் உட்புறத்தில், தரையைத் தொடாமல் தொங்கும் கூடுதல் நகம். இந்தக் கடைசி அடையாளத்தை இத்தாலியில் ஓநாய் ஆராய்ச்சியாளர்கள் நாய்க் கலப்பின் தடயமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகள் வெவ்வேறு நிறத்தில் இருந்தாலும் கவனிக்க வேண்டியதே.

ஆனால் இந்த அடையாளங்கள் இரண்டு பக்கமும் ஏமாற்றும். சொறி பிடித்து மயிர் உதிர்ந்த ஓநாய் நாயைப்போலவே இருக்கும். மழைக்கால மயிர் வேறு, குளிர்கால மயிர் வேறு. சோலாப்பூர்ப் பக்கம் ஒரு கறுப்பு ஓநாய் பதிவாகியிருக்கிறது. கறுப்பு என்றாலே கலப்பு என்று தாவிவிடாதீர்கள். வட அமெரிக்கக் கறுப்பு ஓநாய்களுக்கு அந்த நிறத்தைத் தரும் மரபணு நாயிடமிருந்து எப்போதோ வந்தது என்று 2009இல் ஒரு ஆய்வு கண்டுபிடித்தது. இன்று அந்த விலங்குகளைக் கலப்பு என்று யாரும் தள்ளிவைப்பதில்லை.

மறுபக்கம் இன்னும் மோசம். முதல் தலைமுறைக் கலப்பில் பாதி நாய். அது ஓநாயோடு சேர்ந்தால் குட்டியில் கால் பங்கு, அடுத்ததில் அரைக்கால் பங்கு. மூன்றாம் தலைமுறையில் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாத ஓநாய் நிற்கும். ஆகவே "பார்க்க அசல் ஓநாய்" என்பதும் சான்று ஆகாது. மரபணுப் பரிசோதனை ஒன்றுதான் பதில் சொல்லும்.

கடைகளில் 'ஓநாய் நாய்' என்று சொல்லி விற்கும் சமாச்சாரத்தை இதோடு குழப்ப வேண்டாம். செக்கோஸ்லோவாக்கிய ஓநாய் நாய் என்பது 1955இல் ஜெர்மன் ஷெப்பர்டையும் கார்ப்பேத்திய ஓநாயையும் கலந்து தொடங்கிய வளர்ப்பினம். நம் புல்வெளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்திய ஓநாயையோ குட்டியையோ பிடித்து வளர்ப்பது குற்றம். முதல் அட்டவணை விலங்குக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

படி 7: யாரிடம் சொல்வது

முதலில் வனத்துறை. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் 1926 என்ற உதவி எண். பிறகு அந்தப் பகுதியில் ஓநாயைத் தொடர்ந்து கவனிக்கும் அமைப்புகள். புனேயில் என்றால் மேலே சொன்ன கிராஸ்லேண்ட்ஸ் டிரஸ்ட். சமூக ஊடகம் கடைசி. அதிலும் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், படத்தில் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பை நீக்குங்கள், குட்டிப் படத்தைச் சில மாதம் கழித்துப் போடுங்கள்.

"கலப்பு" என்று தலைப்பிட்டுப் பகிர்வதில் இன்னொரு கேடு உண்டு. கலப்பு என்றால் பாதுகாப்பு இல்லை, அடித்தால் கேள்வி இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு பரவும். அப்புறம் சாகப்போவது பெரும்பாலும் அசல் ஓநாய். சந்தேகத்துக்குரிய விலங்கையும் பரிசோதனை முடியும்வரை ஓநாயாகவே நடத்த வேண்டும்.

படி 8: ஊருக்குப் பக்கத்தில் வந்தால்

2024 மழைக்காலத்தில் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஓநாய்கள் தாக்கி எட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். வனத்துறை 'ஆபரேஷன் பேடியா' (இந்தியில் பேடியா என்றால் ஓநாய்) என்று பெயரிட்டு அவற்றைப் பிடித்தது. கலப்பாக இருக்குமோ என்ற ஊகம் அப்போதும் ஓடியது. அதே மாநிலத்தின் கிழக்கு மாவட்டங்களில் 1996இலும் குழந்தைகள் தாக்கப்பட்டார்கள். ஓநாய் மனிதரைத் தொடவே தொடாது என்று அடித்துப் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். தக்காணத்தில் ஓநாயும் மேய்ப்பரும் அருகருகே வாழ்ந்து இப்படி நடப்பது அரிது என்பதும் உண்மை.

அதனால் எளிய முன்னெச்சரிக்கை: சின்னப் பிள்ளைகளைக் கதவில்லாத வீட்டிலோ வெளித்திண்ணையிலோ தனியாகத் தூங்கவிடாதீர்கள், இருட்டில் தனியாக ஒதுங்க அனுப்பாதீர்கள். ஓநாய் பகலிலும் ஆளைக் கண்டு விலகாமல் தெருவுக்குள் வருகிறது என்றால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது நோயாகவோ, மனிதர் கையில் தின்று பழகியதாகவோ இருக்கலாம். கடித்துவிட்டால், ஓநாயோ நாயோ நரியோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி நேரே மருத்துவமனை. வனவிலங்குக் கடிக்குத் தடுப்பூசியோடு, ரேபிஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போட வேண்டும் என்று நீங்களே நினைவுபடுத்துங்கள்.

ஆடு போய்விட்டால் மிச்ச உடலை நகர்த்தாமல், புதைக்காமல், படம் எடுத்து உடனே வனத்துறைக்குச் சொன்னால்தான் இழப்பீட்டுக்கு வழி உண்டு. செத்த ஆட்டில் விஷம் வைப்பவர்கள் முதலில் தங்கள் நாயை இழப்பார்கள். அதோடு ஓநாய் ஜோடி உடைந்தால் முதல் படியில் சொன்ன கதை மறுபடி தொடங்கும்.

படி 9: நாய்ப் பக்கத்து வேலை

கலப்பைத் தடுக்க ஓநாயிடம் செய்ய ஒன்றுமில்லை, வேலை முழுக்க நாயிடம்தான். புனே மாவட்டத்தில் கோழிப்பண்ணைகள் அதிகம். செத்த கோழியைப் பள்ளம் தோண்டிப் புதைக்காமல் ஓடையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நாயும் அங்கே வருகிறது, ஓநாயும் அங்கே வருகிறது. கலப்பும் நோயும் ஒரே இடத்தில் தொற்றிக்கொள்கின்றன. நன்னஜ் பகுதியில் நாய்களையும் மேலே சொன்ன சின்ன நரி இனத்தையும் ஆராய்ந்தபோது, டிஸ்டம்பர், பார்வோ என்ற நாய் நோய்களின் வைரஸ் தாக்கம் நாய்களிடம் பரவலாகவும் நரிகளிடமும் காணப்பட்டது. ரேபிஸ் ஊசியோடு இந்த இரண்டுக்கும் சேர்த்துப் போடுவது ஓநாய்க்கும் காப்பு.

2023ஆம் ஆண்டின் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை உள்ளாட்சியின் பொறுப்பு. பஞ்சாயத்தில் கேட்கும்போது மாதத்தையும் சொல்லிக் கேளுங்கள்: ஓநாய் அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர்வரை இணை சேரும், ஆகவே புல்வெளியோரக் கிராமங்களில் ஆண் நாய்களுக்குக் கருத்தடை ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும். கிடை நாய்களைப் பிடித்து வேறெங்கோ விடச் சொல்லாதீர்கள். அவை இல்லாவிட்டால் மேய்ப்பருக்கு விஷம்தான் மிச்சம். அவற்றுக்கு ஊசியும் கருத்தடையும் கிடைத்தால் போதும்.

கருத்தடை செய்த நாயின் ஒரு காது நுனியில் வெட்டு இருக்கும். அடுத்த தடவை போகும்போது ஊர் நாய்களில் எத்தனைக்கு அந்த வெட்டு இருக்கிறது, எத்தனைக்கு இல்லை என்று எண்ணி, ஓநாய்க் குறிப்போடு சேர்த்து அனுப்புங்கள்.